பட்டாளத்தான் கல் வாசல்

கொத்தனார் குழந்தைவேல் சுண்ணாம்பில் வளர்ந்தவர். சிமெண்டு வேலையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மேட்டூர் அணை வேலைக்குக் கல் சுமக்கப் போன இடத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஊருக்கு வந்தபின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கலவை போடுவார், காயவிடுவார், உடைத்துப் பார்ப்பார், மறுபடி போடுவார். ஓமலூருக்கு மேற்கே சிமெண்டு வேலையை நம்பி ஒப்படைக்கக்கூடிய ஆள் அவர்தான் என்று பேர் வந்தது.

அதனால்தான் 1944 தை மாதம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அவரைத் தேடி வந்தார். சந்தைமேட்டில் ஒரு கல்தூண் உண்டு. முதல் யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத உள்ளூர் ஆட்களுக்காகச் சர்க்கார் நட்டது. பட்டாளத்தான் கல் என்பார்கள். சுற்றிலும் கள்ளிவேலி, வேலியில் ஒரு சந்து, ஆடுகள்தாம் அதிகம் போய்வந்தன. அந்தச் சந்தில் புதிதாக ஒரு வாசல் கட்ட வேண்டும், இந்த யுத்தத்தில் செத்தவர்களின் பெயர்கள் அதில் இருக்க வேண்டும் என்று உத்தரவு.

"கோயில் மாதிரி யாளி, கொடி எல்லாம் வேண்டாம். இப்ப சேலத்துல சினிமாக் கொட்டகை முகப்பு கட்டறாங்களே, அது மாதிரி மழமழன்னு இருக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செத்தவங்களப் பாக்க வாரவங்க டிக்கெட்டு எடுக்கோணுமுங்களா?"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க பையன் பேரு?" என்று கேட்டார்.

குழந்தைவேலின் ஒரே மகன் மாரியப்பன் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறியவன். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

"காணோம்னுதானுங்க தந்தி வந்துச்சு. செத்தான்னு வரலீங்க."

"ஆபீசுல செத்த கணக்குலதான் வெச்சிருக்காங்க. போடறதும் விடறதும் உங்க இஷ்டம். திறப்பு விழாவுக்கு முன்னாடி முடிவு பண்ணுங்க."

குழந்தைவேல் காகிதத்தில் படம் போடுகிறவர் அல்ல. சாணி மெழுகிய தரையில் கரியால் வாசலை முழு அளவுக்கு வரைந்தார். இரண்டு சதுரத் தூண்கள், மேலே தட்டையான ஒரே உத்தரம். தலையில் கூடையோடு இரண்டு பெண்களை எதிரும் புதிருமாக நடக்கச் சொல்லி, தோள் உரசாத அகலத்தைக் குறித்துக்கொண்டார். தூண் ஒவ்வொன்றிலும் பெயர்களுக்குக் கட்டம் பிரித்தார். இடது தூணில் அடிக்கட்டம் ஒன்று மிஞ்சியது.

அவர் மனைவி அங்காளம்மாள் அந்தக் கட்டத்தையே பார்த்தாள். "இது ஆருக்குங்க?"

"ஆருக்குமில்ல. சும்மா பூசி உட்டுருவேன்."

"எம்மவனுக்குக் கல்லு நட்டுறாதீங்க."

அவர்கள் வழக்கத்தில் கருமாதியன்று செத்தவருக்கு ஒரு கல் நட்டுத் தண்ணீர் விடுவார்கள். அன்றுதான் பெண்டாட்டியின் தாலி இறங்கும். பெயர் கல்லில் ஏறினாலும் சிமெண்டில் ஏறினாலும் ஊருக்கு ஒன்றுதான்.

தாலி மருமகள் ராசாத்தியின் கழுத்தில் கிடந்தது. குழந்தை இல்லை. மாமனாரோடு சித்தாள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். கல்யாண வீட்டில் அவளுக்குக் குங்குமம் கொடுக்கலாமா கூடாதா என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தாலி அறுத்தவளுக்கு மறுதாலி கட்டுகிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. ஆனால் முதலில் அறுக்க வேண்டும்.

வாசல் வேலையின் கடைசி நாள் மிஞ்சியிருந்தது அந்த அடிக்கட்டம்தான். ராசாத்தி கலவைச் சட்டியை இறக்கினாள். குழந்தைவேல் பூசி, மட்டப்பலகையால் தேய்த்தார். சட்டியை எடுக்காமல் அவள் நின்றாள்.

"மாமா, அந்த எடத்த மொட்டையா உட்டுறாதீங்க."

"என்ன பேசற அம்மிணி?"

"மோகனூர்ல எங்க பெரியப்பன் ஊட்டுல ஒருத்தரு என்னயக் கேட்டுட்டு இருக்காருங்களாம். சம்சாரம் செத்துப் போனவரு. கழுத்துல இது கெடக்கறப்ப நான் என்னன்னு பதில் சொல்றதுங்க?"

"அவன் வந்துருவான்னு உனக்குத் தோணலியா?"

"தோணும்ங்க. மொதல்ல தெனமும் தோணுச்சு. இப்பப் பட்டாளத்து உடுப்புல ஆரயாச்சும் பாத்தாத்தான் தோணுது." அவள் நிமிர்ந்து கேட்டாள். "உங்களுக்குத் தோணுதுங்களா?"

அவர் மட்டப்பலகையைப் பூச்சின் மேல் இன்னொரு முறை இழுத்தார். ஓரங்களில் ஈரம் வெளுத்துக்கொண்டு வந்தது.

"கலவ இறுகுதுங்க மாமா."

குழந்தைவேல் மூங்கில் சீவலை எடுத்தார். மற்றப் பெயர்களுக்குச் செய்தது போலவே கட்டத்தின் நடுவைக் குறித்து, அங்கிருந்து இரு பக்கமும் எழுத்துகளைப் புடைக்க வைத்தார். புள்ளி இரண்டையும் கடைசியில் ஒட்டினார். ராசாத்தி கீழே உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் அடுப்பு எரியவில்லை.

கருமாதிக்கு ஊரின் கைம்பெண்கள் வந்து ராசாத்தியைத் தாலி இறக்க ஏரிக்கு அழைத்துப் போனார்கள். சுமங்கலியான அங்காளம்மாள் அதைப் பார்க்கக்கூடாது. கதவுக்கு உள்ளே இருந்தாள். நடப்பட்ட கல்லுக்குக் குழந்தைவேல் தண்ணீர் விட்டார். சில நாளில் பெரியப்பன் வண்டியோடு வந்து ராசாத்தியைக் கூட்டிப் போனார். அவள் மாமியார் காலில் விழுந்தாள். அங்காளம்மாள் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, ஆசீர்வாதம் சொல்லவும் இல்லை.

வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு கணவரிடம் வந்தாள். பல நாள் கழித்து அன்றுதான் பேசினாள்.

"நாளைக்கு அவன் வந்து வாசல்ல நின்னு, எம்பொண்டாட்டி எங்கன்னு கேட்டா, என்ன சொல்லுவீங்க?"

"எங்கையாலதான் எழுதுனேன்னு சொல்லுவேன். கோவமிருந்தா என்னய வெட்டிப் போடட்டும். அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லக் கூடாதும்பேன்."

விழாவன்று தாசில்தார் ரிப்பன் வெட்டினார். வாசல் நேர்த்தியாக இருக்கிறதென்று குழந்தைவேலுக்கு மாலை போட்டார்கள். அங்காளம்மாள் போகவில்லை. சந்தைக்குப் போகும்போதும் வேலிக்கு மறுபுறம் சுற்றித்தான் போனாள்.

யுத்தம் முடிந்தது. சிறைபிடிக்கப்பட்ட சிலர் எலும்பும் தோலுமாகத் தாரமங்கலம் பக்கத்து ஊர்களுக்குத் திரும்பினார்கள். ஒவ்வொருவர் வந்த சேதிக்கும் குழந்தைவேல் நடந்து போய் விசாரித்தார். மாரியப்பனைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. செத்ததைப் பார்த்ததாகவும் யாரும் சொல்லவில்லை.