மஞ்சள் மோட்டார் சைக்கிள்

எண்பத்தைந்தில் கோப்பாயில் எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. அதில் வந்த ஓர் ஆங்கிலத் தொடரின் கதாநாயகன் ஓட்டிய மோட்டார் சைக்கிள்மேல் என் கணவருக்குப் பைத்தியம். பழைய வண்டி ஒன்றை வாங்கி, அச்சு அசலாக அதைப் போலவே செய்யத் தொடங்கினார். திரையில் நூல் பிடித்து அளப்பார், தகரம் வெட்டுவார், ஒரு வளைவு பிசகினாலும் கழற்றி எறிவார். சோறு ஆறிக் கிடக்கும். எனக்கு எரிச்சல்தான் வரும்.

கடைசியில் ஒருநாள், "இஞ்சேரும், உது என்ன நிறமா இருக்கும்?" என்று கேட்டார்.

தேங்காய் திருவிக்கொண்டிருந்த நான், "மஞ்சள்தான்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மஞ்சளே அடித்தார்.

கொழும்பிலிருந்து வந்த என் தம்பி வண்டியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தான், உது ரீவியிலை கறுப்பெல்லோ! நான் கலரிலை பாத்தனான்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இவரோ பெற்றோல் தாங்கியைத் துடைத்துக்கொண்டே, "ஓம், தெரியும். மானிப்பாயிலை ஒரு கடையிலை நானும் கலர் ரீவியிலை பாத்தனான்" என்றார்.

"எப்ப?" என்றேன்.

"பெயின்ற் வாங்கப் போகேக்கை."

"பின்னை ஏன் மஞ்சள் வாங்கினீங்கள்?"

"நீர் மஞ்சள் எண்டு சொன்னீரெல்லே."

அடுத்த வாரம் அந்தத் தொடரைப் பார்க்க, முதல் தடவையாக நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கறுப்பு வெள்ளைத் திரையில் வண்டி பறந்து வந்தது. சத்தியமாய்ச் சொல்கிறேன், எனக்கு அது மஞ்சளாகத்தான் தெரிந்தது.