கரி போட்ட கீரைப் பாத்தி

மரவாடியில் எல்லோரும் அவளை அடுப்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் ஒரு பேக்கரியில் விறகு அடுப்பைக் கட்டி மேய்த்தவள். பேக்கரி மின்சார அடுப்புக்கு மாறியபோது, பொத்தானை அமுக்கத் தெரியாதா என்று முதலாளி கேட்டார். தெரியும், பிடிக்கவில்லை. நான்காவது மாதம் நின்றுவிட்டாள்.

மரவாடி அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அறுத்து மிஞ்சிய பட்டையையும் துண்டுகளையும் முன்பெல்லாம் அங்கே வெளியில் குவித்துக் கொளுத்துவார்கள். துணி காயப்போட்டவர்கள் திட்டித் தீர்ப்பார்கள். பிறகு ஒரு பெண் இன்ஜினீயர் வந்து மூடி போட்ட இரும்பு உலையை நிறுத்தினார். காற்றை அடக்கிச் சுட்டால் மரம் சாம்பலாகாமல் கரியாக நிற்கும். வளரும்போது காற்றிலிருந்து இழுத்த கார்பனில் ஏறக்குறைய பாதி அந்தக் கரியிலேயே தங்கும். மண்ணில் கலந்துவிட்டால் அதில் பெரும்பகுதி நூறு வருடம் ஆனாலும் காற்றுக்குத் திரும்பாது. வேலை கேட்டுப் போன அடுப்புக்காரி, இன்ஜினீயர் சொன்ன இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"புகை எந்தக் கலர்ல வந்தா அடைக்கணும்?"

வேலை கிடைத்தது. முதலில் வெள்ளைப் புகை, ஈரம் போகிறது. அடுத்து மஞ்சள், மூக்கை அறுக்கும். அது நீலமாக மெலிந்ததும் உலையின் காற்றுத் துளைகளை அடைத்துவிடுவாள். தட்டினால் கண்ணாடி போலச் சத்தம் வரும் கரி.

அந்தப் பெருமையில் யாரிடமும் கேட்காமல் பன்னிரண்டு மூட்டை புதுக்கரியை வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கீரை பயிரிடும் அண்ணனிடம் கொண்டுபோய் இறக்கினாள். தங்கை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் நான்கு பாத்தியில் கொட்டிக் கிளறி விதைத்தார். மூன்றாவது வாரம் மற்ற பாத்திகள் தளதளவென்று நிற்க, இந்த நான்கும் மஞ்சளாகிக் குன்றிப்போயின. அண்ணிதான் போன் செய்தாள்.

"நீ சொன்னேன்னுதான் போட்டோம். கடைக்காரர் அத்தனையும் திருப்பி அனுப்பிட்டார். இனிமே உன் அடுப்புக் கதையை இங்க கொண்டு வராத."

அன்றைக்கு உலையில் இருந்தது முழுக்கச் சாம்பலாயிற்று. அவள் கையில் அப்படி நடந்ததே இல்லை.

மறுநாள் இன்ஜினீயரிடம் சொன்னாள். முன்னாலேயே எச்சரிக்காதது தன் தப்பு என்றார் அவர். புதுக்கரி காய்ந்த பஞ்சு மாதிரி, பயிருக்கு முந்தி மண்ணிலிருக்கும் சத்தை அது குடித்துவிடும். எருவோடு கலந்து ஈரத்தில் ஊறவைத்துத்தான் போட வேண்டும். உலைக்குப் பின்னால் எருவும் கரியும் குவித்து, ஐந்து வாரம் தினமும் வேலை முடிந்தபின் தானே புரட்டிப் போட்டாள். பிறகு அண்ணன் வீட்டுக்குப் போனாள். வாசலில் கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை.

"ஒரே ஒரு பாத்தி குடுங்கண்ணே. நானே விதைக்கிறேன், நானே தண்ணி விடுறேன்."

அண்ணன் மனைவியைப் பார்த்தார்.

"ஓரத்துல இருக்கறதைக் குடுங்க," என்றாள் அண்ணி. "நடுவுல வேண்டாம்."

தினமும் வேலைக்கு முன் அடுப்புக்காரி வந்து பார்த்துக்கொண்டாள். கீரை பச்சையாகவே வந்தது. மற்றதைவிட உசத்தி என்று சொல்ல முடியாது, அதே மாதிரிதான். அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வெயில் கொளுத்திய ஒரு வாரத்தில் மோட்டார் பழுதாகி மூன்று நாள் தண்ணீர் இல்லை. மற்ற பாத்திகள் இரண்டாம் நாளே தலை தொங்கின. ஓரத்துப் பாத்தி மட்டும் நின்றது. அண்ணி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம் இருந்தது.

"அந்தக் கலவை இன்னும் இருக்கா?" என்று போனில் கேட்டாள்.

"இருக்கு அண்ணி. எத்தனை மூட்டை?"

"முதல்ல ரெண்டு. பார்த்துட்டு சொல்றேன்."

முன்பு மஞ்சளான நான்கு பாத்திகளும், கரி மண்ணிலேயே ஊறிவிட்டதால், அடுத்த விதைப்பில் தாமாகவே தேறின. இப்போது தோட்டத்தில் பாதிக்குமேல் கரி மண்தான். மரவாடிக்குக் கரி மூட்டை கேட்டு வருகிறவர்களிடம், எருக்குழி இருக்கிறதா என்றுதான் அடுப்புக்காரி முதலில் விசாரிக்கிறாள். இல்லை என்றால், தோண்டிவிட்டு வரச்சொல்லி அனுப்பிவிடுகிறாள்.