சிவப்பு நூல் சுற்றிய முள்ளுக்கரண்டி

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கடிதங்களைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. புத்தகங்கள் எழுதிய ஒருவரைப் பற்றி நான் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் சமையலறை மேசை லாச்சியில், கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய ஒரு முள்ளுக்கரண்டி கிடக்கிறது. அதைக் காணும்போதெல்லாம், சினியோரா, அதாவது அம்மா, என்று நான் கூப்பிட்ட அவரின் செருப்புச் சத்தம் காதில் கேட்கிறது.

தொண்ணூறுகளில் இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தா பகுதியில் அவருடைய வீட்டில் வேலை செய்தேன். பத்திரிகையில் வாரத்துக்கு ஒரு பத்தி சாப்பாட்டைப் பற்றி எழுதுவார். சமையல் புத்தகங்களும் போட்டிருந்தார். ஓரிடத்தில் இருக்கமாட்டார். ஒரு வரி தட்டச்சு செய்வார், எழும்பி அடுப்பைப் பார்ப்பார், யன்னலைத் திறப்பார், மூடுவார், திரும்பி வந்து அந்தத் தாளையே கிழிப்பார். அவரோடு இருந்தால் எனக்கும் கால் ஓரிடத்தில் நிற்காது.

பன்றி இறைச்சியைச் சமைப்பார், வாயில் வைக்கமாட்டார். ஒரு துண்டை அந்த முள்ளுக்கரண்டியில் குத்தி என்னிடம் நீட்டுவார். நான் உருசி சொல்ல, அவர் எழுதுவார். அந்தக் கரண்டி மற்றவற்றோடு சேராமல் யன்னலோரம் ஒரு கிளாசில் தனியாக நிற்கும். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர், ஆனால் ஊரில் எங்கள் அயலிலிருந்த சைவக்காரர் வீடுகளில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. அதனால் எனக்கு அது புதுமையாகப் படவில்லை. பன்றி தின்பதில்லை என்று ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். நகரின் மறுபக்கம் பிரான்காச்சோவில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சிரித்தார்.

“ஓம், அந்த மனிசியின்ரை நேர்த்தி முடியட்டும். பிறகு உன்ரை நாக்குக்கு அங்கை வேலை இல்லை.”

ஒருமுறை வுச்சீரியாச் சந்தையில் பேர்பெற்ற ஒரு கடையின் பன்றி சொசேஜை உருசி பார்த்தேன். உறைப்பே இல்லை. எங்கள் நாக்குக்குச் சப்பென்று இருந்தது. அதற்கு இத்தாலியச் சொல் தெரியாமல் “மோர்த்தா” என்றேன். செத்துப்போனது என்று பொருள். சினியோரா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்ததோடு விடாமல் பத்தியிலும் அதை அப்படியே எழுதினார்.

கடைக்காரர் நேரே பத்திரிகை ஆசிரியரிடம் போனார். அந்த அம்மா என் கடைப் பக்கமே வருவதில்லை, வேலைக்காரிதான் வாங்கிப் போகிறாள், அவர் தின்றாரா என்று கேளுங்கள் என்றாராம். ஆசிரியர் சினியோராவுக்குத் தொலைபேசி எடுத்தார். சனிக்கிழமை கடைக்கு வந்து, படம்பிடிப்பவர் முன்னால் ஒரு துண்டு சாப்பிடவேண்டும். இல்லையென்றால் இனிப் பத்தி இல்லை என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் அவர் சொசேஜ் பொரித்தார். என்னிடம் நீட்டவில்லை. முள்ளுக்கரண்டியில் குத்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். எண்ணெய் நிலத்தில் சொட்டியது. உதடுவரை கொண்டுபோவார், இறக்குவார். பார்க்கமுடியாமல், எந்த மாதாவுக்கு நேர்த்தி என்று கேட்டுவிட்டேன். அவர் நின்றார்.

“நான் யூதப் பெண். பன்றி எங்களுக்கு விலக்கு. உலக யுத்த காலத்தில் ஒளிந்து பிழைத்தவர் என் அம்மா. இதை எங்கும் எழுதாதே என்பார். அவர் போய்விட்டார். நான் இன்னும் எழுதவில்லை.”

பிறகு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் எழும்பாமல் எழுதியதைப் பார்த்தேன். தான் பன்றி தின்னாதவள் என்றும், இவ்வளவு நாளும் உருசி பார்த்தது என் நாக்கு என்றும், இனித் தன் தாயின் சமையலையே எழுதப்போவதாகவும் எழுதினார். ஃபக்சில் அனுப்பிவிட்டு, கரண்டியைத் தானே கழுவி என் கையில் தந்தார். இனி இதற்கு இங்கே வேலை இல்லை, கொண்டு போ என்றார். பஸ்ஸில் வரும்போது கணவர் சொன்ன பகிடிதான் மனதில் ஓடியது. அந்த வேலையை நம்பித்தான் என் பெர்மெஸ்ஸோவை, இத்தாலியில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன்.

தாயின் சமையலைப் பற்றிய புத்தகம் பிறகு வெளிவந்தது. அதுதான் அவருடைய கடைசிப் புத்தகம். இப்போது என் மகள் அந்த முள்ளுக்கரண்டியால் எதையும் சாப்பிடுகிறாள். கழுவி மற்றக் கரண்டிகளோடு போடுகிறாள். தனியாக வை என்று சொல்ல வாயெடுப்பேன். சொல்வதில்லை.

அன்று ஃபக்ஸ் அனுப்பிய மறுநாள் பத்திரிகையில், அவருடைய பத்தி வரும் இடத்தில் வேறொருவர் எழுதிய எலுமிச்சைக் கேக் இருந்தது. வேலை போயிற்று என்றே நினைத்துப் போன எனக்குச் சினியோரா கதவைத் திறந்தார். அவருடைய தாயின் சமையலுக்கு இரண்டு பேருமாகக் கத்தரிக்காய் வெட்டினோம்.