உம்மாவின் நூலளவு

ஆலங்குடாவில் மீன் காயவைக்கும் எங்கள் கருவாட்டு வாடி இருந்த இடத்தில் இப்போது ஒரு ஹோட்டல் நிற்கிறது. இன்று அதன் வாசலில் வாடகைச் சைக்கிள்களின் புது ரப்பர் மணம் மூக்கில் ஏறியதும், அதே மணலில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்த வாப்பா கண்முன் வந்தார்.

மீன்பெட்டி சுமக்கும் அவருடைய சைக்கிளுக்கு வாங்கி வந்த புது டயர், சோப்புத் தண்ணீர் தடவியும் கரண்டிக் காம்பால் நெம்பியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தும், இரண்டு நாளாக றிம்மில் ஏறவே இல்லை.

"பழசிலயும் புதுசிலயும் இருபத்தாறு எண்டுதானே போட்டிருக்கு!" என்று வாப்பா கத்தினார்.

வெயிலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த உம்மா எழுந்து வந்து, வலை பின்னும் நூலை றிம்மில் டயர் உட்காரும் இடத்தைச் சுற்றிப் பிடித்து அறுத்தார். அதையே புது டயரின் உள்விளிம்போடு வைத்தபோது நூல் நாலு விரல் மிஞ்சியது.

"நம்பர விடுங்க. நூலப் பாருங்க."

அந்த நூலோடு உம்மா கற்பிட்டி டயர்க் கடைக்குப் போய், இருபத்தாறு என்று போட்ட டயர்களையெல்லாம் இறக்கவைத்து, கடைக்காரர் சிரிப்பை நிறுத்தும்வரை ஒவ்வொன்றாக அளந்தார். கடைசியில் நூலுக்குச் சரியாக வந்த டயர் வாப்பாவின் வெறுங்கைக்கே ஏறி உட்கார்ந்தது.

அடுத்த முறை நாங்கள் அந்தக் கடைக்குப் போனபோது, சுவரில் ஆணியடித்து ஒரு வலைநூல் தொங்கியது.