எரிச்சல்: பூஜ்யம்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். வாசலில் தண்ணீர் தெளித்தேன். அரை டம்ளர் காபி குடித்தேன். பழக்கத்தில் இரண்டு டம்ளர் அரிசி அளந்துவிட்டு ஒன்றைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன். முகம் கழுவிய பிறகு எதுவும் பூசவில்லை. சோதனை நாளில் பவுடர்கூடப் போடக் கூடாது. 7.05க்கு ஜூஜுவாடி நிறுத்தத்தில் கம்பெனி பஸ். நல்ல பனி. மாநில பார்டர் பக்கமிருந்து வந்த லாரிகளின் விளக்கு மட்டும் தெரிந்தது. 7.40க்குக் கார்டு தேய்த்தேன்.

என் அக்கா இறந்து அன்றைக்கு நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். இருபத்திரண்டு வருடம் ஒரே போர்ஷனில் இருந்தோம். எட்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பதின்மூன்று நாள் லீவு எடுத்தேன். பிறகு வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதற்கு இடம் விட்டுத்தான் வைத்திருந்தேன்.

எங்கள் கம்பெனியில் லிப்ஸ்டிக், ஐஷேடோ, கண்மை எல்லாம் செய்கிறோம். செய்வதோடு சரி, பெயர் ஒட்டி விற்பது வேறு கம்பெனிகள். நான் பேக்கிங் லைனில் பதினான்கு வருடம். அதில் பதினோரு வருடமாகச் சோதனைப் பேனலிலும் இருக்கிறேன். கடைக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு புதுச் சரக்கையும் நாங்கள் நான்கு பெண்கள் போட்டுப் பார்ப்போம். காலை 9.30க்குப் பூச வேண்டும். 10 மணிக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, 4.30க்குக் கடைசியாக ஒருமுறை கண்ணாடியில் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். நிறம், வறட்சி, வாசனை, டம்ளரில் ஒட்டுகிறதா, எரிச்சல். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை; குறையே இல்லை என்றால் பூஜ்யம், மிக மோசம் என்றால் மூன்று. அடித்துத் திருத்தக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஐஷேடோ என்றால் இடது இமைக்கு ஒன்று, வலது இமைக்கு ஒன்று. ஒன்று புதியது, ஒன்று பழையது. எது எது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சில சோதனைகளில் வீட்டுக்குப் போய்த்தான் கழுவ வேண்டும். ஒரு கண்ணில் செம்பு நிறமும் இன்னொரு கண்ணில் மயில் பச்சையுமாக எத்தனையோ நாள் பஸ்ஸில் வந்திருக்கிறேன். முதல் வருடம் கூச்சமாக இருந்தது. பிறகு எங்கள் பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அக்கா மட்டும் கதவைத் திறந்ததும் பார்ப்பாள். "இன்னிக்கு எந்தக் கண்ணு ஜெயிச்சுது?" என்று கேட்பாள். பச்சை என்றால் தலையை ஆட்டுவாள். அவளுக்குப் பச்சை பிடிக்காது.

பேனல் வேலையை எல்லோரும் விரும்புவார்கள். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்காரலாம். மற்ற நாளில் லைனில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும்.

அன்றைக்கு வந்தது ஒரு புது லிப்ஸ்டிக். தை மாதக் கல்யாணங்களுக்காகக் கடைக்கு வரப்போவது. செங்கல் நிறம். உதட்டைச் சற்றுத் தடிப்பாகக் காட்டும் வகை. அதற்காகப் புதினாச் சத்தும் மிளகாய்ச் சத்தும் சேர்ப்பார்கள். அதனால் எரிச்சல் கட்டத்தில் ஒன்று போட்டால் தப்பில்லை. குறுகுறுப்பு என்று கணக்கு. நான்கு பேரில் இரண்டு பேர் இரண்டோ மூன்றோ போட்டால் சரக்கை நிறுத்திவிடுவார்கள்.

பேனல் ரிஜிஸ்டரில் நான் மூன்றாம் நம்பர். ஏழாம் நம்பர் தளியிலிருந்து வருகிற பெண். முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், வீட்டில் கன்னடம். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கும். நிற்க முடியாமல்தான் பேனலுக்குக் கேட்டு வாங்கி வந்தாள். அவள் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. இன்னொருத்தி மதுரைப் பக்கத்துக்காரி. அவள் கணவர் இங்கே டெம்போ ஓட்டுகிறார். நான்காவது, ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண். அவள் அதிகம் பேச மாட்டாள்.

பூசிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தளிப் பெண் உதட்டை ஊத ஆரம்பித்தாள்.

"அக்கா, உரியுதே. உங்களுக்கு உரியலையா?" எரிகிறது என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

மதுரைக்காரி சிரித்தாள். "மொளகாயப் போட்டுட்டு பின்ன இனிக்கவா செய்யும்? ஒதடு வீங்குனாத்தான அழகு. யாராச்சும் கேட்டா, எங்க வீட்டுக்காரரு கடிச்சுப்புட்டாருன்னு சொல்லு."

"அய்யோ, அவருக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்? வந்ததும் தூங்கிடுவாரு."

"அப்ப தூக்கத்துல கடிச்சாருன்னு சொல்லு."

கம்ப்யூட்டர் பெண்கூடச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தளிப் பெண் என் பக்கம் திரும்பி, "நிஜமாத்தான் கேக்கறேன்க்கா. உங்களுக்கு?" என்றாள்.

நான் கவனித்துப் பார்த்தேன். உதட்டில் ஏதோ இருந்தது. பூசியிருக்கிறோம் என்று தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. "இல்லம்மா" என்றேன். 10 மணிக்குப் பூஜ்யம் எழுதினேன். 12.20க்குப் பூஜ்யம். 1.30க்குப் பூஜ்யம். 4.30க்கும் பூஜ்யம். எரிச்சலுக்கு மட்டுமல்ல, எல்லாக் கட்டத்துக்கும்.

லேப் மேடம் தாள்களை வாங்கிப் பார்த்தார். அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மதுரைக்காரி ஒன்று, கம்ப்யூட்டர் பெண் ஒன்று, நான் பூஜ்யம், தளிப் பெண் இரண்டு.

"ஏம்மா, போன வாரம் ஐஷேடோவுக்கும் நீ ஒருத்திதான் ரெண்டு போட்ட. அது பாஸ் ஆயிடுச்சு. இப்பவும் நீ ஒருத்திதானா?"

"எரிஞ்சுது மேடம். எரிஞ்சதத்தான் எழுதினேன்."

"அக்காவப் பாரு, சீரோ. பதினோரு வருஷமாப் பாக்கறாங்க. அவங்க எழுதினா நான் மறு பேச்சே பேசறதில்ல. உனக்குத் தோல் ஒத்துக்கலன்னா பேனலுக்கு நீ சரிப்பட மாட்டம்மா. நாளையிலிருந்து லைனுக்கே போயிடு. இந்த ரிப்போர்ட்ட நான் காலைல பத்து மணிக்கு அனுப்பணும்."

தளிப் பெண் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

கேட்டுக்கு வெளியே எனக்காக நின்றிருந்தாள். "அக்கா, என் மேல கோபமா?"

"எதுக்கும்மா கோபம்?"

"உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையாக்கா? சும்மா கொஞ்சூண்டுகூட?"

"தெரியலம்மா."

"அப்ப என் தோலுதான் சரியில்ல போல" என்றாள். தளி பஸ் வந்தது. கூட்டத்தில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு கம்பியைப் பிடித்தாள். அப்போது மணி 5.20. எனக்கு அவளைப் பற்றி வருத்தமாக இருந்திருக்க வேண்டும். மணி பார்த்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

6.15க்கு வீட்டுக்கு வந்தேன். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு லிப்ஸ்டிக்கைத் துடைத்தேன். பஞ்சில் செங்கல் நிறத்துக்கு நடுவே வேறு ஒரு சிவப்பு இருந்தது. டியூப்லைட்டுக்கு அடியில் கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கீழுதட்டின் இடது பக்கம் வீங்கியிருந்தது. தோல் உரிந்து இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. விரலால் அழுத்தினேன். அழுத்தியது தெரிந்தது. வலி தெரியவில்லை. எலுமிச்சை ஊறுகாய் எண்ணெயை ஒரு சொட்டு எடுத்து அந்த இடத்தில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஊறுகாய் என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

சோதனைத் தாளில் எழுதுவதை அப்படியே வீட்டு டைரியிலும் எழுதிவைப்பது என் வழக்கம். யாரும் கேட்டதில்லை, நானாகச் செய்வது. டைரியை எடுத்து ஜனவரியிலிருந்து பார்த்தேன். செப்டம்பர் வரை எந்தத் தாளும் சுத்தமாக இல்லை. ஒன்றில் வறட்சி இரண்டு. ஒன்றில் வாசனை ஒன்று, "பழைய மெழுகுவர்த்தி மாதிரி" என்று குறிப்பு. ஒன்றில் "கண் நீர் வந்தது, 11.15". ஒரு ரோஸ் நிறத்துக்கு, "அக்கா இதைக் கல்யாண வீட்டு பலூன் என்கிறாள்". லீவு முடிந்து போன பிறகு ஆறு சோதனை. ஆறிலும் எல்லாக் கட்டமும் பூஜ்யம். குறிப்பு ஒன்றுகூட இல்லை.

நாள் குறிப்புகளும் அப்படித்தான் இருந்தன. முன்பெல்லாம் என்ன குழம்பு என்று எழுதியிருப்பேன். இப்போது "சாப்பிட்டேன்". அக்டோபர் 20 அன்று "குக்கர் பிடியில் கை பட்டது, கொப்புளம்" என்று எழுதியிருந்தேன். கையைத் திருப்பிப் பார்த்தேன், தழும்பு இருந்தது. சுட்டது நினைவில் இல்லை.

நவம்பர் 5, ஐஷேடோ. தளிப் பெண் இரண்டு போட்டது இதற்குத்தான். என் தாள் பூஜ்யம். அடுத்த பக்கத்தில், 6ஆம் தேதி, என் கையெழுத்திலேயே இப்படி இருந்தது: "காலை. வலது இமை சிவப்பு, தடிப்பு. பால் வரவில்லை."

அந்த வரியைப் பல முறை படித்தேன். பால் வராததையும் இமை தடித்ததையும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறேன். பார்த்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன், அத்தோடு விட்டிருக்கிறேன். அன்றைக்கும் தளிப் பெண்ணுக்கு எரிந்தது உண்மை. எனக்கும் எரிந்திருக்க வேண்டும். என் உடம்பில் நடந்தது எனக்கு வந்து சேரவில்லை. பதினோரு வருடம் ஒரு தாளில்கூடப் பொய் எழுதியதில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. இந்த ஆறிலும்கூட நான் பொய் எழுதவில்லை. ஆனால் அந்தப் பூஜ்யங்களைக் காட்டித்தான் ஒருத்தியை நிற்க முடியாத காலோடு லைனுக்கு அனுப்புகிறார்கள்.

அக்கா இருந்திருந்தால் கதவைத் திறந்ததுமே உதட்டைப் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. அது ஒரு தகவலாகத்தான் தோன்றியது.

தோசை ஒன்று சாப்பிட்டேன். டைரியைக் கைப்பையில் வைத்தேன். 8.50க்குப் படுத்தேன்.

13ஆம் தேதி காலை கார்டு தேய்த்ததும் லைனுக்குப் போகவில்லை. முதலில் லேபுக்குப் போனேன். மேடம் அப்போதுதான் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

"என் தாளெல்லாம் வேணும் மேடம். போன மாசத்துலேர்ந்து ஆறு."

"எதுக்குக்கா?" என்று திரும்பினவர் என் உதட்டைப் பார்த்தார். "என்னக்கா இது?"

"நேத்து லிப்ஸ்டிக்."

"சீரோன்னு எழுதினீங்களே!"

"எனக்கு எரிஞ்சது தெரியல. இப்பவும் தெரியல. போன வாரம் கண்ணும் தடிச்சிருக்கு, டைரில இருக்கு. என் தாள எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி."

மேடம் டைரியை வாங்கிப் பார்த்தார். 6ஆம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்தார். "ஐஷேடோ சரக்கு போயாச்சேக்கா" என்றார். பிறகு, "இதைச் செஞ்சா உங்களையும் பேனல்லேர்ந்து எடுக்கணும். தெரியும்ல?" என்றார்.

"தெரியும். எடுத்துடுங்க. அவளை லைனுக்கு அனுப்பாதீங்க."

அவர் போனை எடுத்துக் கன்னடத்தில் குடோனுக்குச் சொன்னார்: நேற்றைய சரக்கு அப்படியே இருக்கட்டும், ஏற்ற வேண்டாம், ஐஷேடோ எங்கெங்கே போயிருக்கிறது என்று லிஸ்ட் வேண்டும். பிறகு ஃபைலைத் திறந்து ஆறு தாள்களையும் மேஜை மேல் வைத்தார்.

ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை ஒரே கோடு போட்டேன். கையெழுத்து, தேதி, நேரம். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மேடத்தைக் கேட்டேன். "நீங்களே எழுதுங்கக்கா" என்றார். "எழுதியவருக்கு உணர்வில்லை" என்று முதல் தாளில் எழுதினேன். மற்ற ஐந்திலும் அதையே எழுதினேன்.