டாக்டரம்மா பேசுவார்

நான் வேலை பார்த்த பள்ளியில் வரலாறு எடுத்த வசுந்தரா டீச்சர் எம்.ஏ., எம்.எட். நல்ல மனுஷிதான். ஆனால் ‘டாக்டரம்மா’ என்ற சொல் காதில் விழுந்தால் போதும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

காரணம் அவருடைய ஓரகத்தி ஹம்சவேணி. கொழுந்தனார் ஹரிராம் மதுரை கோச்சடையில் கிளினிக் வைத்திருந்தார். பத்தாவதோடு நிறுத்திய ஹம்சவேணி அங்கே டோக்கன் கொடுப்பாள். அதனால் தெருவே அவளை டாக்டரம்மா என்றது. கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி அவளுக்கு. வசுந்தராவுக்கு வெறும் “வாங்க டீச்சர்”தான்.

பிரெஞ்சுப் புரட்சி நடத்தும்போது இந்த வயிற்றெரிச்சல் பாடத்துக்குள்ளேயே வந்துவிடும். “ராஜாவோட தம்பி பெண்டாட்டிக்கு ‘மதாம்’ங்கிற ஒத்தச் சொல்லுதான் பட்டம். பேரே சொல்ல வேணாம். அவளுக்கு என்ன தெரியும்னு யாரும் கேக்க மாட்டாங்க. புருஷன் யாருன்னா போதும்!” என்பார். புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. இவர் ஒரு பீரியட் முழுக்க நடத்துவார். பிள்ளைகளும் அதைப் பரீட்சையில் எழுதித் தொலைப்பார்கள்.

1999இல் பள்ளி விழாவில் மாணவிகளுக்கு ரத்தசோகை பற்றிப் பேச ஒரு பெண் டாக்டரைத் தேடினார் தலைமையாசிரியை பாலாம்பாள். “உங்க வீட்டுலயே ஒரு டாக்டரம்மா இருக்காங்களாமே?” என்று வசுந்தராவிடமே கேட்டார். அவள் டாக்டரின் மனைவி, டாக்டர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “கேட்டுப் பாருங்க மேடம்” என்று மட்டும் சொன்னார் வசுந்தரா. பரிசு கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஹம்சவேணியும் சம்மதித்துவிட்டாள்.

விழாவுக்கு முதல் நாள் ஸ்டாஃப் ரூமில் வசுந்தரா என்னிடம் இதைச் சொன்னார்.

“பாவம் டீச்சர், இப்பவாச்சும் சொல்லிருங்க” என்றேன்.

“எட்டு வருஷமா டாக்டரம்மான்னு கூப்பிட்டப்ப சிரிச்சுக்கிட்டே நின்னாள்ல? நாளைக்கு மேடையில முழிக்கட்டும்.”

நானும் வாயை மூடிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது.

மறுநாள் ‘சிறப்புரை: டாக்டர் ஹம்சவேணி’ என்ற பேனரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. மேடையேறி மைக்கைப் பிடித்தாள். வசுந்தரா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் டாக்டர் இல்லம்மா. பத்தாவதுதான் படிச்சேன். எங்க வீட்டுக்காரருதான் டாக்டரு. எங்க குடும்பத்துல படிச்ச பொம்பளைன்னா அது எங்க அக்கா, உங்க வசுந்தரா டீச்சர்தான். அவுங்க நோட்டும் கையுமா ஸ்கூலுக்குக் கெளம்பும்போதெல்லாம் எனக்கு எம்புட்டுப் பொறாமையா இருக்கும் தெரியுமா?”

அரங்கமே கைதட்டியது. வசுந்தரா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். வெட்கத்தில் என் பக்கம் திரும்பவே இல்லை.

விழா முடிந்து வெளியே வந்தபோது பெற்றோர்கள் ஹம்சவேணியைச் சூழ்ந்துகொண்டார்கள். “இம்புட்டு அடக்கமா ஒரு டாக்டரம்மாவப் பாத்ததே இல்ல!” என்றார் ஒருவர். முத்துக்கருப்பன் என்பவர் வசுந்தராவிடம் வந்து கும்பிட்டார். அவர் மகளுக்கு மூன்று வருஷமாக வரலாறு எடுப்பவர் வசுந்தராதான்.

“நீங்க டாக்டரம்மா ஓரகத்தியாமே? இம்புட்டு நாளா தெரியாமப் போச்சே!”

“ஆமா” என்றார் வசுந்தரா. பதிலுக்கு அவரும் கும்பிட்டார்.