வேடியப்பன் கல்லுக்கு வரிசை

சேலத்தில் ஒரு மைதானத்தில் கொட்டகை போட்டு மூன்று வாரம் மியூசியம் வைத்தார்கள். பஞ்சு அடைத்த புலி, யானை மண்டையோடு, துருப்பிடித்த வாள்கள், நடுவில் வில்லேந்திய வீரனின் உருவம் செதுக்கிய ஒரு கல். மேச்சேரிக்கு அப்பால் ஒரு மேட்டிலிருந்து அந்தக் கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிய நாலு பேரில் நானும் ஒருவன். சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. கல்லில் மஞ்சள் பூசியிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அதனடியில் கடப்பாரையை இறக்கினேன்.

பிறகு கொட்டகையில் கூட்டத்தை மறிக்கிற வேலையும் எனக்கே கிடைத்தது. கூரைத் திறப்பின் வெளிச்சம் கல்லின் மேல்தான் விழுந்தது. ஒரு போட்டோக்காரர் அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, கல்லை ஒட்டி ஒரு முக்காலி போட்டிருந்தார். ஊரே அங்கே படம் பிடித்துக்கொள்ள வந்தது. செருப்புக் காலை வீரனின் தொடைமேல் வைத்து நிற்பதை முதல் நாள் எவனோ ஆரம்பித்தான். அப்புறம் எல்லோருக்கும் அதே மாதிரி வேண்டும். நான் கட்டிய கயிற்றை மிதித்தார்கள், என் காலை மிதித்தார்கள், பட்டு அங்கவஸ்திரம் போட்ட ஒருவர் வழிவிடச் சொல்லி என் கையைக் கடித்தார். அவர்களை ஒருவர் விடாமல் வெறுத்தேன்.

இரண்டாம் வாரம் மேச்சேரிப் பக்கத்து ஆடு மேய்க்கிறவர் ஒருவர் தங்கையோடும் அவள் மூன்று வயதுப் பெண்ணோடும் நடந்தே வந்தார்.

"ஏனுங்க, எங்க வேடியப்பன் கல்லு இங்கதான இருக்குது? புள்ளைக்கு மொத முடி எடுக்கோணும்."

அந்த வில் வீரன்தான் அவர்கள் குலசாமி வேடியப்பன். அவர்கள் வகையறாவில் முதல் முடியை அந்தக் கல்லடியில், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் எடுப்பார்கள். அதுவரை கத்தி படக்கூடாது. குழந்தையின் தலை சடை பிடித்து, பேன் கடித்துப் புண்ணாகியிருந்தது. சொறிந்து சொறிந்து அழுதது.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "இது கோயில் இல்லை. கல்லை யாரும் தொடக்கூடாது" என்றார். அவர் சொல்லும்போதே ஒருவன் கல்லின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அதிகாரிக்கு அது கண்ணில் படவில்லை.

"மொட்டை போடணும்னா பழனிக்குப் போய்யா, இங்க என்ன?" என்று வரிசையில் ஒருவன் சொல்ல, பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மேய்ப்பவர் முக்காலிப் பக்கம் கையைக் காட்டினார். "படம் புடிக்கறவங்க மட்டும் கல்லுகிட்ட போறாங்கல்லங்க?"

"ஆமா."

"அப்ப நாங்களும் நிக்கறமுங்க."

தங்கை அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள். "படம் புடிச்சா ஆயுசு கொறையுமாம்ண்ணா."

"எனக்குக் கொறையட்டும். புள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டு நீ தள்ளி நில்லு."

காலையில் நின்றவர்கள். மூன்று தடவை ஆட்கள் அவரை நெட்டித் தள்ளி முன்னால் போனார்கள். மூன்று தடவையும் நான் தள்ளியவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பின்னால் விட்டேன். வெயில் சாய ஆரம்பித்தபோது அவர் முறை வந்தது. காசைக் கொடுத்தார், முக்காலியை ஒதுக்கினார், தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்ற வரைக்கும் அசையாதே" என்று போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

மேய்ப்பவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, சடையைக் கொத்தாகப் பிடித்து அறுத்தார். அறுத்ததைக் கல்லடியில் வைத்தார். தங்கை நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டாள்.

"அசைஞ்சுட்டியே, பிளேட்டு போச்சுய்யா" என்று போட்டோக்காரர் துணியை உதறிக்கொண்டு வந்தார்.

"படம் வேண்டாமுங்க. காசு நீங்களே வெச்சுக்குங்க."

அடிக்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து நெருக்கினார்கள். கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவர் அவசரப்படவில்லை, கடைசிக் கொத்து வரைக்கும் எடுத்தார்.

வாசல் வரை அவர்களைக் கொண்டுவிட்டேன். குழந்தை தன் தலையைத் தடவிப் பார்த்தது, அழவில்லை.

"எங்க ஊட்டுக்காரி வவுத்துல இன்னொண்ணு இருக்குதுங்க. கல்லு எப்பங்க ஊருக்கு வரும்?"

"வராது. மெட்ராஸ் மியூசியத்துக்குப் போகுது."

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "அங்கயும் வரிசை இருக்குமுங்களா?"

"இருக்கும்" என்றேன்.